ஸ்வான்சி: புகை போன திசை

வேல்ஸின் இரண்டாவது பெரிய நகரம் ஸ்வான்சி. ஆனால் போகிறவர்களில் பலருக்கு அது ரயிலை விட்டு இறங்கும் இடம் மட்டுமே; மனமெல்லாம் மேற்கே கௌவர் தீபகற்பத்தின் மணல்வெளிகளில் இருக்கும். நகரத்தை ஒதுக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போவது சரிதானா?

கௌவரின் பெருமையில் ஐயமில்லை. பிரிட்டன் ‘சிறப்பு இயற்கை எழில் பகுதி’ என்று 1956-இல் முதன்முதலாக அறிவித்தது இதைத்தான். ரோசிலியில் ஏறத்தாழ 5 கி.மீ. நீளத்துக்கு மணல். 1887-இல் கரையில் மோதிய நார்வேக் கப்பல் ஹெல்வெட்டியாவின் விலா மரங்கள் கடல் வற்றும்போது இன்றும் தெரிகின்றன. வோர்ம்ஸ் ஹெட் பாறைத்தீவுக்கு, நீர் முழுதும் வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம் மட்டுமே நடந்து போகலாம். தெற்குப் பாறைச் சரிவிலுள்ள பாவிலண்ட் குகையில் 1823-இல் நிலவியலாளர் வில்லியம் பக்லண்ட் செங்காவி படிந்த எலும்புக்கூடு ஒன்றைக் கண்டெடுத்தார். ரோமர் காலத்துப் பெண் என்று நினைத்தார். பிறகுதான் அது 30,000 ஆண்டுகளுக்கும் முந்தைய இளைஞன் ஒருவனின் உடல் என்று தெரிந்தது. அந்த எலும்புகள் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கின்றன. வேல்ஸுக்குத் திரும்ப வேண்டியவை அவை என்பதே என் எண்ணம்.

இவ்வளவு அழகு எப்படித் தப்பியது? இந்தக் கேள்விக்கு விடை நகரத்தில்தான் இருக்கிறது. ஸ்வான்சி செம்பு உருக்கிய ஊர். செம்பை உருக்கத் தாதுவைவிட நிலக்கரி அதிகம் வேண்டும். எனவே நிலக்கரி கிடைத்த டாவி ஆற்றங்கரைக்குத் தாது கப்பலேறி வந்தது. முதலில் கார்ன்வாலிலிருந்து, பின்னர் கியூபாவிலிருந்தும் சிலியிலிருந்தும். கியூபாவின் சுரங்கங்களில் அடிமைகள் உழைத்தார்கள். அந்த ஆற்றங்கரையின் ஒயிட் ராக் ஆலையில் ஆப்பிரிக்க அடிமை வணிகத்துக்கான செம்பு வளையங்கள் வார்க்கப்பட்டன. உலைகளின் நச்சுப் புகையை மேலைக்காற்று கிழக்கே தள்ளியது. கில்வி மலையில் புல்லும் கருகியது. அதன் அடிவாரத்தில் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். ஹாவோட் ஆலையை நடத்திய விவியன் குடும்பத்தின் மாளிகையோ மேற்கே, காற்று தூய்மையாக வீசிய சிங்கிள்டனில் இருந்தது. கௌவர் தப்பியதற்குக் காற்று மட்டும் காரணமல்ல. அதன் தென்பகுதி சுண்ணாம்புப் பாறை, அங்கே நிலக்கரி இல்லை. ஆனாலும் ஒரே விரிகுடாவின் ஒரு பக்கம் எழிலுக்காகச் சட்டப் பாதுகாப்பு பெற்றபோது, மறுபக்கம் கசடு மேடாகக் கிடந்தது. 1961-இல்தான் டாவி பள்ளத்தாக்கை மீட்பதற்கான ஆய்வே தொடங்கியது.

நகரத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. 1941 பிப்ரவரியில் மூன்று இரவுகள் பொழிந்த ஜெர்மானியக் குண்டுகள் நடுநகரை அழித்தன. போருக்குப் பின் கட்டியெழுப்பியவர்கள் அகலச் சாலைகளைத் தந்தார்கள், முகத்தைத் தரவில்லை. கரையோர நெடுஞ்சாலை ஊரையும் கடலையும் பிரிக்கிறது. 1807-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய, உலகின் முதல் பயணிகள் ரயில்பாதையான மம்பிள்ஸ் பாதையை 1960-இல் மூடியது பெரும் பிழை. அது இருந்திருந்தால் விரிகுடாவைச் சுற்றிவர இன்று கார் தேவைப்பட்டிருக்காது.

ஆனாலும் சந்தைக்குள் நுழைந்தால் நகரத்தின் உயிர் தெரிகிறது. பென்கிளவ்த் கிராமத்து மட்டிச்சதையும், கடற்பாசியை நெடுநேரம் வேகவைத்து மசித்த லேவர்பிரெட்டும் அங்கே கிடைக்கின்றன. இவற்றை வறுத்த பன்றியிறைச்சியோடு உண்பது உள்ளூர் வழக்கம். பிராங்வின் மண்டபத்துக்கும் போக வேண்டும். பிரபுக்கள் அவைக்காக ஃபிராங்க் பிராங்வின் தீட்டி, 1930-இல் அங்கே மறுக்கப்பட்ட பிரிட்டிஷ் பேரரசு ஓவியங்கள் இந்த ஊரில்தான் இடம் பெற்றன. ஆள்பவரின் கண்ணில் காலனிகள் எப்படிச் செழிப்பும் வண்ணமுமாகத் தெரிந்தன என்பதை, ஆளப்பட்டவர்களின் வழிவந்த நாம் நேரில் பார்ப்பது நல்லது.

அழகை மட்டும் அளந்தால் கௌவருக்கு நகரம் ஈடில்லை. கையில் ஒரு நாள்தான் என்றால் ரோசிலிக்கே போங்கள். மூன்று நாள் இருந்தால் முதல் நாளை நகரத்துக்குக் கொடுங்கள். அதையும் ஹாவோட் ஆலையின் இடிபாடுகளிலிருந்து தொடங்குங்கள்.