காணாமல் போன டிரைவர்

2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கைகழுவிய விண்டோஸ் 7-ஐ, ஏதோ ஒரு பழைய சாஃப்ட்வேருக்காகப் புதிதாக நிறுவப் பார்க்கிறீர்கள். பாதியில் நிற்கிறது. 'சிடி/டிவிடி டிரைவுக்கான டிரைவரைக் காணோம். ஃப்ளாப்பி, சிடி, பென் டிரைவ் எதிலாவது இருந்தால் செருகவும்' என்கிறது. உங்கள் மெஷினில் சிடி டிரைவே கிடையாது. நிறுவுவதே பென் டிரைவிலிருந்துதான்!

டிரைவர் என்பது ஹார்டுவேரோடு பேச உதவும் துபாஷி. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ன் செட்டப்பில் யுஎஸ்பி 3.0-க்குத் துபாஷி இல்லை. (அதன் விதிமுறை 2008-லேயே வெளியாகிவிட்டது.) முதலில் பயாஸ் பென் டிரைவைப் படித்துக் கொடுத்துவிடும். அப்புறம் செட்டப் பொறுப்பேற்றதும், தான் ஏறிவந்த ஏணியையே காணோம் என்று கத்தும். நீல போர்ட்டிலிருந்து கறுப்பு போர்ட்டுக்கு, அதாவது 2.0-க்கு, மாற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் போர்டுகளில் இதுவும் பலிக்காது. யுஎஸ்பி கீபோர்டே செத்துவிடும். டிரைவரை முன்கூட்டியே செட்டப்புக்குள் சேர்க்க வேண்டும்.

டிரைவர் விட்டுப்போனதை மன்னிக்கலாம். அந்த வாக்கியத்தை எழுதியவரை எப்படி மன்னிப்பது? 'பென் டிரைவைப் படிக்க முடியவில்லை, வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்' என்று எழுத எவ்வளவு நேரமாகும்? இதை நம்பி புது டிவிடி டிரைவ் வாங்குகிறவருக்குக் காசு தண்டம்.

விண்டோஸ் 11 கொஞ்சம் தேவலை. இன்டெல் 11-ம் தலைமுறைக்குப் பிந்தைய பல லேப்டாப்களில் விஎம்டி என்ற ஏற்பாடு டிஸ்கை மறைத்துவிட, 'ஸ்டோரேஜ் டிரைவரை லோட் செய்யவும்' என்கிறது. பெயராவது சரி. எந்த டிரைவர், யாரிடம் வாங்குவது? அதெல்லாம் மூச்! இன்டெல் தளத்தில் ஆர்எஸ்டி என்ற பெயரில் இருக்கிறது. பிரித்து, உள்ளே இருப்பதை பென் டிரைவில் போடுங்கள். பிரிக்காமல் கொடுத்தால் கண்டுகொள்ளாது.