பார்க்காமல் எழுதிப் பார்த்தல்: நினைவுமீட்புப் பயிற்சியின் வலிமையும் வரம்பும்

படித்த பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்தே சொல்லியோ எழுதியோ பார்க்கும் முறையைக் கற்றல் உளவியலார் நினைவுமீட்புப் பயிற்சி என்பர். நினைவிலிருந்து ஒன்றை வருவித்துக்கொள்ளும் முயற்சியே அதனை மேலும் ஆழப் பதியச் செய்கிறது என்பது இதன் அடிப்படை. ஆர்தர் கேட்ஸ் 1917-லேயே இதனை ஆராய்ந்திருந்தாலும், ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே இது கல்வியாளரிடையே பரவலாகப் பேசப்பட்டது.

அவ்வாய்வின் ஒரு சோதனையில், உரைநடைப் பகுதி ஒன்றை ஒரு பிரிவினர் நான்கு தவணையும் படித்தனர். மற்றொரு பிரிவினர் முதல் தவணையில் மட்டும் படித்து, எஞ்சிய மூன்றிலும் பார்க்காமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தோர் சுமார் 83 விழுக்காடும் எழுதிப் பார்த்தோர் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழிந்ததும் அவை முறையே 40, 61 என மாறின. ஆயினும் ஒரு வாரத்திற்குப் பின்னும் பாடம் நன்கு நினைவிலிருக்கும் என்று மிகுந்த நம்பிக்கை கொண்டிருந்தோர் திரும்பப் படித்தவர்களே. படிக்கப் படிக்க வரிகள் பழகிப்போவதால் எழும் எளிமையுணர்வை மாணவர் தேர்ச்சி என்று கொள்கின்றனர் என்பதை வெளிப்படுத்தியதே, விழுக்காட்டு வேறுபாட்டினும் பெரிய பங்களிப்பாகும்; ஏனெனில் தம் உழைப்பு வீணாவதை அறியாமலே உழைக்கும் மாணவருக்கு வெறும் ஊக்கமொழி உதவாது.

இவ்வலிமை எல்லாப் பாடங்களுக்கும் ஒரே அளவில் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பல கூறுகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் சிக்கலான பாடங்களில் இவ்விளைவு குறைகிறது அல்லது மறைகிறது என்று தமாரா வான் காக்கும் ஜான் ஸ்வெல்லரும் 2015-ல் வாதிட, கார்ப்பிக்கி அதனை மறுத்தெழுதினார். விவாதம் எவ்வாறு முடியினும், ஒரு கணக்கின் வழிமுறையே விளங்காத மாணவரை மீண்டும் மீண்டும் சோதிப்பதில் பயனில்லை; மீட்டெடுக்க ஏதேனும் உள்ளே இருந்தாக வேண்டும், அதற்குத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பதே அவருக்கு முதற்படி.

வினாவின் வடிவமும் கருதத்தக்கது. சரியான விடையைத் தெரிந்தெடுக்கும் பலவிடை வினாக்களில் இடப்படும் தவறான விடைகளையே சிலர் பின்னர் உண்மையென நினைவில் கொள்வதை ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-ல் காட்டினர். உடனடித் திருத்தம் இத்தீங்கைப் பெரிதும் குறைக்கிறது. திருத்தமின்றி மதிப்பெண் மட்டும் வழங்கும் அடிக்கடித் தேர்வுகளுக்கு இவ்வாராய்ச்சியைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது: அந்த 2006 சோதனையில் மாணவர் எழுதிப் பார்த்த தாள்கள் தரவரிசைக்கு உரியவை அல்ல, பயிற்சிக்கு உரியவை.