டோட்டோ-சான்: எவ்வளவு உதவி போதும்?

நம் ஆசிரியர் வட்டாரத்தில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் நூல் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானிய நடிகையும் தொலைக்காட்சிக் கலைஞருமான டெட்சுகோ குரோயானாகி தம் தொடக்கப்பள்ளி நாள்களைப் பற்றி எழுதி, 1981-இல் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டுள்ளது. 2023-இல் உயிரோவியப் படமாகவும் வந்துவிட்டது. பயிலரங்குகளில் இந்நூலைக் காட்டி, “பிள்ளையைச் சுதந்திரமாக விடுங்கள், அன்பு காட்டுங்கள்” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கேட்பதற்கு நன்றாக இருக்கும். மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்ததும், ஓர் இடத்தில் உட்காராத அந்த ஒரு பையனின் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தால், அந்த அறிவுரை எந்தப் பக்கத்துக்கும் உதவாது.

இந்த நூலின் உண்மையான பலம் அன்பைப் பற்றிப் பேசுவதில் இல்லை. ஒரு முரட்டுப் பிள்ளைக்கு எப்போது கை கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை அது சம்பவங்களாகக் காட்டுகிறது. அதே சமயம், நமக்கு மிக அவசியமான ஓர் இடத்தில் நூல் பேசாமல் இருந்துவிடுகிறது. இரண்டையும் சொன்னால்தான் நூலுக்கு நியாயம்.

டோட்டோ-சான் முதலாம் ஆண்டிலேயே ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவள். மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுவாள். பாடம் நடக்கும்போது ஜன்னலோரம் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவாள். நம் ஆசிரியர் அறை மொழியில் சொன்னால், “அந்தப் பிள்ளைய சமாளிக்கவே முடியலங்க” ரகம். அவளைச் சேர்த்துக்கொண்டது டோமோயே என்னும் சிறு பள்ளி. பழைய ரயில் பெட்டிகளே அதன் வகுப்பறைகள். மொத்தம் ஐம்பது பிள்ளைகள் அளவில்தான். தலைமையாசிரியர் சோசாகு கோபாயாஷி முதல் நாளில் நான்கு மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்டார். இந்தக் காட்சியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவோம். இதைவிட முக்கியமான மூன்று காட்சிகள் நூலில் இருக்கின்றன.

முதலாவது, கழிவறைக் குழியில் விழுந்த பணப்பை. டோட்டோ-சான் நீண்ட காம்புள்ள அகப்பையை எடுத்து வந்து, குழியில் இருப்பதையெல்லாம் வெளியே அள்ளிக் குவிக்கிறாள். அவ்வழியே வந்த கோபாயாஷி என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். பதிலைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். திரும்பி வந்து, முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் சொல்கிறார். பணப்பை கிடைக்கவில்லை. ஆனாலும் அவள் அத்தனையையும் திரும்ப உள்ளே போடுகிறாள். நீர் ஊறிய மண்ணையும் சேர்த்தே. குரோயானாகி இங்கே ஒரு கூர்மையான குறிப்பு வைக்கிறார். பெரியவர்கள் பலர் இந்த இடத்தில் திட்டியிருப்பார்கள், அல்லது உதவ முன்வந்திருப்பார்கள் என்கிறார். திட்டுவதையும் உதவுவதையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார் பாருங்கள். இரண்டிலும் வேலை பிள்ளையின் கையைவிட்டுப் போய்விடுகிறது.

இரண்டாவது, மதிய உணவு. கடலில் கிடைப்பதில் கொஞ்சம், மலையில் கிடைப்பதில் கொஞ்சம்: பெற்றோருக்குப் பள்ளி சொன்னது அவ்வளவுதான். சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வருவார்கள். எது குறைகிறதோ அதை மட்டும் தலைமையாசிரியரின் மனைவி தம் பாத்திரத்திலிருந்து எடுத்து வைப்பார். முழுச் சாப்பாடும் தருவதில்லை. ‘ஏன் கொண்டு வரல?’ என்ற விசாரணையும் இல்லை. குறை எங்கே என்று பார்த்து, அதை மட்டும் நிரப்பும் உதவி இது. நம் குறைநீக்கல் வகுப்புக்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது, மரம். இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட யாசுவாகி மரம் ஏறியதே இல்லை. டோட்டோ-சான் ஏணி கொண்டு வருகிறாள், அவனால் முடியவில்லை. ஆடாமல் நிற்கும் மடக்கு ஏணியைக் கொண்டு வருகிறாள். கீழிருந்து அவன் காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைக்கிறாள். உச்சிப் படியிலும் அவன் மாட்டிக்கொள்ள, தான் மேலே ஏறி அவனை இழுக்கிறாள். முதல் உதவி போதவில்லை என்றதும் அடுத்தது, அதுவும் போதவில்லை என்றதும் அதற்கடுத்தது. இங்கே “நீயே செய்” என்று அவள் சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் சுதந்திரமல்ல, கைவிடுதல்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் உதவியே இல்லை. ஒன்றில் அளந்த உதவி. ஒன்றில் உடம்போடு சேர்ந்த முழு உதவி. பிள்ளை எவ்வளவு தொல்லை கொடுக்கிறான் என்பதை வைத்து இந்த அளவு தீர்மானிக்கப்படவில்லை. அவனால் இந்த நிமிடம் எதுவரை முடியும், அடுத்த படி எது என்பதை வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டது.

கல்வி உளவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வுட், புருனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் ‘சாரம்’ என்ற உவமை நம் பாடநூல்களுக்கு வந்தது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளை இணைத்துக் கோபுரம் கட்ட, ஒருவர் எப்படி உதவுகிறார் என்பதைப் பார்த்தார்கள். டேவிட் வுட் முன்வைத்த விதியை எளிமையாகச் சொன்னால் இதுதான்: பிள்ளை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, சரியாகச் செய்தால் ஒரு படி குறை. கட்டடம் நின்றபிறகு சாரத்தைக் கழற்றாதவனைக் கொத்தனார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் வகுப்புகளில் நடப்பது என்ன? தொல்லை தரும் பிள்ளைக்குப் பல நேரங்களில் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது. ஒன்று, “இவனுக்குச் சொன்னாலும் ஏறாது” என்று பின் வரிசை. மற்றது, “இந்தா, இதப் பாத்து எழுது, சத்தம் போடாத” என்று விடை. இரண்டாவது உதவி மாதிரித் தெரியும். உண்மையில் அது அமைதிக்காக நாம் கொடுக்கும் விலை. பிள்ளையும் கெட்டிக்காரன், இரண்டே வாரத்தில் கணக்குப் புரிந்துகொள்வான். சத்தம் போட்டால் விடை வரும். பிறகு அவன் ஏன் யோசிக்கப் போகிறான்? வீட்டிலும் இதே கதைதான். திரட்டேடு ஒப்படைக்கும் நாளன்று அம்மாவின் கையெழுத்து எவ்வளவு அழகு என்று நமக்குத் தெரியும்.

இதில் இழப்பு யாருக்கு என்பதை யோசிக்க வேண்டும். மலேசியாவில் 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்டது. தொடக்கப்பள்ளியில் இப்போது வகுப்பறை மதிப்பீட்டின் தேர்ச்சி அளவு, 1 முதல் 6 வரை, ஆசிரியரின் கண்ணையும் கையையும் நம்பித்தான் இருக்கிறது. நிரம்பிய பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து 3 போட்டால், அது பிள்ளையின் 3-ஆ, நம்முடைய 3-ஆ? அடுத்த ஆண்டு ஆசிரியர் அந்த எண்ணை நம்பித் தொடங்குவார். உண்மை வெளியே வராமலே போகலாம். இடைநிலைப்பள்ளியின் முதல் மாதத்தில், வேறு மொழி வகுப்பறையில், அந்தப் பிள்ளை தனியாக அதைச் சந்திப்பான்.

இனி நூலின் குறை. டோட்டோ-சானின் பிரச்சினை நடத்தை சார்ந்தது. வாசிப்பு சார்ந்தது அல்ல. அவள் வேகமாகக் கற்கக்கூடிய குழந்தை. டோமோயேவில் அன்றைய பாடங்களுக்கான வினாக்களைக் காலையிலேயே கரும்பலகையில் எழுதிவிடுவார்கள், பிடித்ததிலிருந்து தொடங்கலாம், புரியாவிட்டால் ஆசிரியரிடம் போகலாம். அருமையான முறை. ஆனால் நான்காம் ஆண்டிலும் கூட்டெழுத்து வாசிக்க வராத பிள்ளை, பிடிக்காத அந்தப் பாடத்தை நாள் முழுக்கத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் என்ன செய்தார்கள்? நூலில் பதில் இல்லை. உண்மையிலேயே படிப்பு வராமல் முரண்டு பிடிக்கும் பிள்ளை, ‘முடியாது’ என்பதை ‘மாட்டேன்’ என்று மாற்றிச் சொல்லும் பிள்ளை, இந்தப் பக்கங்களில் கண்ணில் படுவதே இல்லை. வளர்ந்து புகழ்பெற்ற ஒருவர், நன்றியோடு திரும்பிப் பார்த்து எழுதியது என்பதை மறக்கக்கூடாது. கரையேறியவரின் நினைவு இது. கரையேறாதவர் எழுதியிருந்தால் வேறு நூலாக இருந்திருக்கும்.

இன்னொன்று: அகப்பையும் ஏணியும் இன்று நம் வளாகத்தில் நடக்கக் கூடியவை அல்ல. யாரும் பார்க்காதபோது ஒரு பிள்ளை மரம் ஏறி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். ஆகவே சம்பவத்தை எடுத்துக்கொள்ளாமல் அதன் அளவை எடுத்துக்கொள்வோம்.

“அங்க ஐம்பது பிள்ளைகள், எனக்கு ஒரு வகுப்புலயே முப்பத்தஞ்சு” என்று சிலர் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் நம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல குறைந்த மாணவர் பள்ளிகள். மொத்த எண்ணிக்கையே டோமோயே அளவில் உள்ளவையும் உண்டு. அங்கே இந்தச் சாக்கு செல்லாது. பெரிய வகுப்பிலும், கோபாயாஷி அகப்பைக் காட்சியில் செலவழித்தது ஓரிரு கேள்விகள்தான். அளந்து உதவுவதற்கு எப்போதும் கூடுதல் நேரம் வேண்டும் என்பதில்லை. பல நேரங்களில் குறைவாகத்தான் பேச வேண்டியிருக்கும்.

நடைமுறைக்கு ஒரு யோசனை. பயிற்சிப் புத்தகத்தில் திருத்தும்போது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து போடலாம். தானே செய்தால் ‘த’. குறிப்புக் கொடுத்துச் செய்தால் ‘கு’. கூடவே உட்கார்ந்து சேர்ந்து செய்தால் ‘சே’. பார்த்து எழுதியதற்கு எழுத்தே கிடையாது. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் ‘சே’ ‘கு’வாக மாறியிருக்கிறதா என்று தெரியும். மாறவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு ஏணி வேண்டும் என்று பொருள். அதைக் குறைநீக்கல் ஆசிரியரிடம் கொண்டு போகலாம், கையில் ஆதாரத்தோடு. எல்லாப் பக்கமும் ‘த’ என்றால் அவனுக்கு வேலை போதவில்லை. தொல்லைக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பெற்றோருக்கும் புலனத்தில் இதையே சொல்லிவிடலாம்: “நீங்க உதவி செஞ்சா ‘சே’ன்னு எழுதி அனுப்புங்க, தப்பில்ல.” மறைக்க வேண்டியதில்லை என்று தெரிந்தால் அம்மாவின் கையெழுத்து தானாகவே குறையும்.

நூலில் இன்னும் ஒரு காட்சி. ஓர் ஆசிரியை வகுப்பில் வேடிக்கையாகச் சொன்ன சொல், உடல் வளர்ச்சி குன்றிய தாகாஹாஷியைப் புண்படுத்தியிருக்கும் என்று கோபாயாஷி அவரைக் கண்டிக்கிறார். மற்றவர் முன் அல்ல, தனியாகச் சமையலறையில். அதே தாகாஹாஷி வெல்லும்படியாகத்தான் விளையாட்டுப் போட்டிகளையே அவர் அமைத்திருந்தார். அதை அவர் யாரிடமும் விளம்பரம் செய்யவில்லை. உதவி என்று பெயர் சொல்லாமல் செய்யப்பட்ட உதவி அது. முரட்டுப் பிள்ளைகளுக்குத் தன்மானம் அதிகம். நாற்பது கண்கள் பார்க்க அவன் மேசையருகே குனிந்து நிற்பதைவிட, முந்திய நாளே அவனுடைய தாளில் ஒரு வரியை நிரப்பி வைத்துக் கொடுப்பது மேல்.

‘டோட்டோ-சான்’ படித்தவர்கள் மீண்டும் ஒருமுறை படிக்கலாம். இந்த முறை கோபாயாஷி என்ன செய்தார் என்று பார்க்காமல், எதைச் செய்யாமல் விட்டார் என்று பார்த்துப் படியுங்கள். பணித்திறக் கற்றல் குழுக் கூட்டத்தில் அகப்பைக் காட்சியை ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு, நம் பள்ளியின் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்தக் கூட்டம் வீண் போகாது.