பேறுகாலத்து வாடகை

குழந்தை பெற்று வருமானம் குறைந்த குடும்பத்துக்கு, வாடகைக்கென்று தமிழ்நாட்டில் தனித் திட்டம் இல்லை. கையில் வருவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிதான். 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம், ரொக்கம் 14,000. அது வாடகை வீட்டைக் காப்பாற்றுமா என்பதே கேள்வி.

காளையார்கோவிலில் ஒரு சின்ன துணிக்கடையில் நிற்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறாள். சம்பளம் அன்றோடு நின்றுவிடும், வாடகை நிற்காது. வீட்டைக் காலி செய்தாலோ, கைக்குழந்தையோடு திரும்பும்போது புதிதாக அட்வான்ஸ் புரட்ட வேண்டும். கணவர் கொத்து வேலைக்குப் போகிறவர் என்றால், ஆஸ்பத்திரிக்கு அலையும் நாள்களில் அவருடைய கூலியும் போகிறது.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பின் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைக்கு அது பொருந்தாது. அரசு ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத விடுப்பு. காளையார்கோவிலில் சட்டம் எட்டக்கூடிய வேலையிடமாக இருந்த தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் காளீஸ்வரர் மில் ‘பி’ யூனிட்டோ 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்றது.

ஒரு கணக்குப் போடலாம். 2024–25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். வாரம் ஆறு நாள், 26 வாரம் என்றால் 49,764 ரூபாய். குறைந்த கூலியை அளவாக வைத்தாலும், கிடைக்கும் ரொக்கம் இழப்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதுவும் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தையின் ஒன்பதாம் மாதம் வரை தவணைகளாக வருவது. மாதத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்.

திட்டத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. பதிவு, பரிசோதனை, தடுப்பூசி என்று தவணைகளைப் பிணைத்தது ஏழைத் தாய்மாரைச் சுகாதார நிலையத்தோடு சேர்த்துக் கட்டியது. உயிர் காக்கும் வேலை அது. ஆனால் தடுப்பூசி நாளை ஒட்டி வரும் பணத்துக்காக வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார்.

மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் இருக்கிறதே என்பார்கள். குடும்ப அட்டைக்கு ஒருவர், 21 வயது நிறைவு என்பது அதன் விதி. மாமியார் அட்டையிலேயே பெயர் இருக்கும் இளம் தாய்க்கு அது வராது. கலைஞரின் கனவு இல்லம் வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது. சொந்த மனை இல்லாதவருக்கு அதில் இடமில்லை.

வாடகைக்கென்று தாய்க்குத் தனி உதவித்தொகை வந்தால் வாடகை ஏறிவிடும் என்ற எதிர்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. வீட்டுக்காரரின் பெயருக்குத் தந்தால் அப்படித்தான் ஆகும். தாயின் கணக்கில், சில மாதங்களுக்கு மட்டும் விழும் பணத்தைக் காட்டி வாடகையை ஏற்றுவது எளிதல்ல. அந்த உதவிக்கு வாடகை ஒப்பந்தப் பத்திரமும் ரசீதும் கேட்கவே கூடாது. வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள்.

என் முடிவு இது: முத்துலட்சுமி ரெட்டி திட்டம் சுகாதாரத் திட்டமாக வென்றது, வருமானப் பாதுகாப்பாகத் தோற்றது. இருக்கும் தவணைகளில் கைவைக்காமல், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதங்களுக்கு, மாதம் பிறந்ததும், எந்த நிபந்தனையும் இன்றித் தாயின் வங்கிக் கணக்கில் தனித்தொகை ஒன்றை அரசு செலுத்த வேண்டும்.