பச்சைத் தோலுக்குள் எவ்வளவு இனிப்பு? ரிஃப்ராக்டோமீட்டருக்கு ஒரு சோதனை

பழச்சாற்றின் சர்க்கரையைக் கணிக்க உதவும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரைச் சோதிக்க ஓரோபிளாங்கோவைப் போன்ற பழம் அமைவது அரிது. பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் கலந்து பிறந்த இது, தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே பழுத்துவிடும். நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் காயென்று ஒதுக்கிவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் இது குளிர்காலப் பழம். இஸ்ரேலில் விளைவது ‘ஸ்வீட்டி’ என்ற பெயரில் விற்பனையாகிறது.

கருவிக்கு பேட்டரி வேண்டாம். காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பூஜ்யத்துக்குத் திருகிக்கொண்டு, பட்டகத்தின் மேல் இரண்டு சொட்டுச் சாறு விட்டு மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு காட்டும் எண்தான் பிரிக்ஸ். 100 கிராம் சர்க்கரைக் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதே அந்த அளவு. சாற்றில் சக்கை இருந்தால் கோடு மங்கிவிடும். துணியில் வடிகட்டியே விடுங்கள். அளவுகோல் 20 டிகிரி செல்சியஸுக்கு அமைந்தது என்பதால், வெப்பநிலையைத் தானே ஈடுசெய்யும் வகையையே வாங்க வேண்டும்.

ஓரோபிளாங்கோவையும் சாதாரண வெள்ளை கிரேப்ஃப்ரூட்டையும் அடுத்தடுத்து அளந்தேன். இரண்டும் பத்தை ஒட்டியே நின்றன. நாக்கோ வேறு சொன்னது: ஒன்று தேன், மற்றது முகம் சுளிக்கவைக்கும் புளிப்பு. கருவியில் கோளாறு இல்லை. அது கரைந்திருக்கும் பொருளின் மொத்தத்தை அளக்கிறது. புளிப்பைத் தனியாகப் பிரித்துக் காட்ட அதற்கு வழியில்லை.

ஓரோபிளாங்கோவின் சிறப்பு சர்க்கரை மிகுதியில் இல்லை, புளிப்புக் குறைவில் இருக்கிறது. 1958இல் ரிவர்சைடிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சூஸ்ட், கேமரன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புளிப்பே இல்லாத பம்பளிமாஸையும், நான்கு தொகுதி குரோமோசோம்கள் கொண்ட வெள்ளை கிரேப்ஃப்ரூட்டையும் இணைத்தார்கள். பிறந்த மரத்துக்கு மூன்று தொகுதி, மொத்தம் 27 குரோமோசோம்கள். மூன்றைச் சமமாகப் பங்கிட முடியாததால் பழத்தில் விதை பிடிப்பதில்லை. நான் அறுத்தவற்றில் ஒன்றில்கூட விதை இல்லை. கசப்பு மட்டும் சுளைத்தோலில் தங்கியிருக்கிறது. உரித்துவிட்டுச் சாப்பிட்டால்தான் இதன் அருமை தெரியும்.

ஒரே ரகத்தில் எந்த மரம் முந்திப் பழுக்கிறது என்று பார்க்கும் தோட்டக்காரருக்கு இந்தக் கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டு ரகங்களை ஒப்பிட நினைப்பவர்கள், சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு அமிலத்தை அளக்கும் சிறு பெட்டி ஒன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.