அச்சேறாத பக்கங்கள்

ஒரு நாவலாசிரியன் எழுதிக் கிழித்துப் போடுகிற காகிதத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது அவன் சொந்தச் சரக்கு. நஷ்டமானால் அவனோடு போயிற்று. பிறர் வாயால் சொல்லக் கேட்டு எழுதி வைத்தவனுடைய காகிதம் அப்படியல்ல. அது காணாமற்போனால், தாமாக எழுதிவைக்க அவகாசமும் தைரியமும் இல்லாத பலரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. இந்த இரண்டாவது ஜாதிக் காகிதத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மானிடவியல் என்ற சாஸ்திரத்தில் இரண்டு வகை ஆசாமிகள் உண்டு. ஏதாவது ஒரு கிராமத்திலோ தீவிலோ போய்த் தங்கியிருந்து, திரும்பி வந்து புத்தகம் எழுதிப் பேராசிரியராகிறவர்கள் ஒரு வகை. சர்க்கார் இலாகாவுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, அணை கட்டுகிற ஸ்தாபனத்துக்கோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்களைப் பிரயோக மானிடவியலார் என்று சொல்லலாம். அமெரிக்காவில் இவர்களுக்கென்று ஒரு சங்கம் 1941லேயே ஏற்பட்டுவிட்டது. இவர்கள் பெரும்பாலும் எழுதுவது புத்தகமல்ல, ரிப்போர்ட். சில பிரதிகள் டைப் அடித்து மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது. அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் அது ஒரு பீரோவுக்குள் போய்விடும். இலாகாவைக் கலைத்தால் பீரோவும் போய்விடும்.

இந்த எழுத்தின் யோக்கியதை என்ன என்று பார்க்க, இரண்டாவது உலக யுத்தத்தில் நடந்த ஒரு காரியம் நல்ல உதாரணம். 1942 பிப்ரவரி 19ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஓர் உத்தரவின் பலனாக, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டுக் கிளப்பப்பட்டுப் பத்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கப் பிரஜைகள். அரிஜோனா பாலைவனத்தில், செவ்விந்தியர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் கட்டிய போஸ்டன் முகாம் அந்தப் பத்தில் ஒன்று. அங்கே மட்டும் 17,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

இத்தனை ஜனங்களை எப்படி நிர்வகிப்பது என்று தெரியாமல் விழித்த அதிகாரிகள் மானிடவியலாரைக் கூப்பிட்டார்கள். போஸ்டனில் அலெக்ஸாண்டர் லெய்ட்டன் என்ற மனோதத்துவ டாக்டரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. 1943 முதல் மற்ற முகாம்களிலும் இப்படி ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். இவர்களுக்குத் தலைவராக வந்த ஜான் எம்ப்ரீ, ஜப்பானியக் கிராமம் ஒன்றைப் பற்றி 1939ல் நல்ல புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து டாரதி ஸ்வெய்ன் தாமஸ் என்ற அம்மையார் தனியாக ஒரு ஆராய்ச்சியை நடத்தினார். முகாம்களுக்குள் அடைபட்டிருந்த படித்த இளைஞர்களையே அவர் தகவல் எழுத அமர்த்தினார்.

இத்தனை பேரும் எழுதிக் குவித்ததிலிருந்து யுத்த முடிவில் அச்சுக்கு வந்தவை சில புத்தகங்களே. அவற்றில் லெய்ட்டன் 1945ல் வெளியிட்ட 'மனிதர்களை ஆளுதல்' முக்கியமானது. அதன் முற்பகுதி போஸ்டனின் கதை. 1942 நவம்பரில் நடந்த வேலைநிறுத்தத்தைச் சொல்கிற பக்கங்களில் ஒரு நாவலின் வேகம் இருக்கிறது. அதிகாரிகளுக்கு உளவு சொன்னவன் என்று சந்தேகப்பட்ட ஒருவனை யாரோ அடித்துவிடுகிறார்கள். இரண்டு பேர் கைதாகிறார்கள். சில நாட்களில் முகாமின் ஒரு பகுதி முழுவதும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுகிறது. படிக்கிறவனுக்கு இந்த மனிதர்கள் இனி என்ன ஆவார்கள் என்ற ஆவல் பிறக்கிற சமயத்தில், ஆசிரியர் கதையை விட்டுவிட்டுக் கொள்கைகளுக்கும் சிபாரிசுகளுக்கும் போய்விடுகிறார். கஷ்டத்தில் இருக்கிற ஜனங்களை எப்படி நடத்தினால் நிர்வாகம் சுமுகமாக நடக்கும் என்பதுதான் பிற்பகுதி. இது கெட்ட எண்ணத்தில் எழுதியதென்று நான் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து எழுதிய புத்தகம், அவ்வளவுதான். அடைபட்டவர்களை அடைத்தது நியாயமா என்ற கேள்வி, அவர்களை எப்படி அடைத்து வைத்தால் நல்லது என்ற கேள்விக்குள் கரைந்துபோகிறது.

அச்சேறாத பக்கங்களில் வேறு குரல் கேட்கிறது. போஸ்டனிலிருந்து தாமஸ் அம்மையாருக்கு எழுதி அனுப்பியவர்களில் தாமியே ட்ஸுச்சியாமா ஒருவர். பெர்க்கிலியில் மானிடவியல் படித்தவர், தாமே கைதி. அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் ரிச்சர்டு நிஷிமோட்டோ, எஞ்சினீயரிங் படித்துவிட்டு முகாமில் ஒரு பகுதிக்கு மேனேஜராக இருந்தவர். முகாமில் உளவாளிக்கு 'இனு' என்று பெயர். ஜப்பானிய மொழியில் நாய் என்று அர்த்தம். அக்கம்பக்கத்தாரின் பேச்சை எழுதி வெளியே அனுப்புகிறோம் என்று தெரிந்தால் தங்களுக்கும் அந்தப் பட்டம்தான் கிடைக்கும் என்று அறிந்தே இருவரும் எழுதினார்கள். பயந்துகொண்டே எழுதியதனால்தானோ என்னவோ, அந்த எழுத்தில் பூச்சு இல்லை. சாப்பாட்டுக் கூடத்து வம்பு, தலைவர்களின் போட்டி, தகப்பனுக்கும் மகனுக்கும் உள்ள பிணக்கு, எல்லாம் அதில் இருக்கின்றன.

1946ல் தாமஸும் நிஷிமோட்டோவும் ஆசிரியர்களாக 'நாசம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கனமான புத்தகம் வெளிவந்தது. ட்ஸுச்சியாமா 1944லேயே மனம் கசந்து விலகிவிட்டார். 1947ல் டாக்டர் பட்டம் வாங்கியும், முகாமைப் பற்றி அவர் பெயரில் ஒரு புத்தகமும் வரவில்லை. நிஷிமோட்டோ 1956ல் காலமானார். அவர் தனியாகப் போஸ்டனைப் பற்றி எழுதியவை புத்தகமாக வந்தது 1995ல். ட்ஸுச்சியாமாவின் கடிதங்களையும் ரிப்போர்ட்டுகளையும் வைத்து, அவர் பட்ட பாட்டை லேன் ஹிராபயாஷி என்ற மானிடவியலார் எழுதியது 1999ல். பெர்க்கிலியின் பான்கிராஃப்ட் நூலகம் அந்தக் கட்டுகளை வைத்துக் காப்பாற்றியிராவிட்டால், அப்படி ஒரு பெண் அங்கே உட்கார்ந்து எழுதினாள் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. புத்தகத்தில் உழைப்பு மிஞ்சுகிறது; உழைத்தவளைப் பார்க்கக் கட்டுகளைத்தான் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். 1981ல் பீட்டர் சுஸுகி என்ற ஆராய்ச்சியாளர் இதே ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்து, முகாம்களில் இருந்த மானிடவியலார் நிர்வாகத்துக்கு எவ்வளவு தூரம் கையாளாக நடந்துகொண்டார்கள் என்று கடுமையாக எழுதினார். மான்ஸனார் முகாமில் இருந்த மாரிஸ் ஓப்ளர் போன்றவர்கள், கைதிகள் கட்சிக்காகக் கோர்ட்டுக்கு வாதக் குறிப்பு எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஆகையால் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவதற்கில்லை. ஆனால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல முடிவதே காகிதம் மிஞ்சியதால்தான். தன் எழுத்தைச் சேமித்து வைப்பவன், தன்மேல் வரக்கூடிய குற்றச்சாட்டுக்கும் சேர்த்துச் சாட்சியத்தைச் சேமிக்கிறான். அதற்குச் சம்மதமில்லாதவன் சேமிப்பதைப் பற்றிப் பேசாமலிருப்பது மேல்.

அழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சரித்திரத்தில் உதாரணம் இருக்கிறது. இது மானிடவியலார் எழுதியதல்ல, ராணுவத்தின் ரிப்போர்ட். ஜப்பானிய வம்சத்தவரை வெளியேற்றியதற்கு ஜெனரல் டிவிட் 1943ல் காரணம் எழுதினார். எத்தனை காலம் கொடுத்தாலும் இவர்களில் நல்லவன் கெட்டவனைப் பிரிக்க முடியாது என்பது அவர் வாதம். இப்படிச் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது என்று கண்ட யுத்த இலாகா, விசாரிக்க அவகாசம் இல்லை என்பதுபோல் மாற்றச் செய்து, பழைய பிரதிகளை எரிக்கச் சொல்லிற்று. ஒன்று தப்பிவிட்டது. இளம் வயதில் முகாமில் அடைபட்டிருந்த ஐகோ ஹெர்ஸிக்-யோஷினாகா என்ற அம்மாள், 1982ல் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதைக் கண்டெடுத்தார். மறு வருஷம், முகாமுக்குப் போக மறுத்த கோரமட்ஸுவின் தண்டனை ரத்தானதற்கு உதவிய சான்றுகளில் அது ஒன்று. 1988ல் அமெரிக்க சர்க்கார் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் செய்தது.

நம்பிப் பேசியவர்களின் ரகசியம் என்ன ஆவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'நாய்' என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்று நடுங்கியவன் பெயரை அவன் இருக்கும்போதே ஊருக்குக் காட்டுவது துரோகம். ஆனால் பூட்டி வைப்பது வேறு, எரிப்பது வேறு. பேரன் காலத்தில் திறக்கலாம் என்று தேதி குறித்துப் பூட்டலாம். எரித்ததைத் திறக்க வழி கிடையாது. சர்க்கார் ஆராய்ச்சியென்றால் எங்காவது ஒரு காப்பகத்தில் மிஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கையாவது உண்டு. ஒரு கம்பெனிக்கோ தர்ம ஸ்தாபனத்துக்கோ எழுதிக் கொடுத்ததற்கு அந்த நம்பிக்கையும் இல்லை. இதை உணர்ந்துதான் 1970களின் பிற்பகுதியில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ஜான் வான் வில்லிஜென் என்பவர், பிரயோக மானிடவியலாரின் அச்சாகாத ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி நூலகத்தில் சேர்க்க ஆரம்பித்தார். 1992ல் சிடெல் ஸில்வர்மனும் நான்ஸி பரேஸோவும் மானிடவியல் ஆவணங்களைக் காப்பது பற்றி ஒரு தொகுப்பே வெளியிட்டார்கள். காரியம் பெரிதல்ல. ரிப்போர்ட் எழுதுகிறவன் ஒரு பிரதி அதிகம் எடுத்து, எழுதியவர் பெயர், தேதி, யாருக்காக எழுதியது என்ற மூன்றையும் முதல் பக்கத்தில் குறித்து, நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பரணில் போட்டால், அவன் காலத்துக்குப் பிறகு வீட்டைக் காலி செய்ய வருகிறவர்களுக்கு அது வெறும் தூசிதான்.

இலக்கிய ரசிகனுக்கு இதில் என்ன என்றால், என் பதில் இது: மனிதர்கள் நெருக்கடியில் எப்படிப் பேசினார்கள், எதை மறைத்தார்கள், யாரிடம் மட்டும் சொன்னார்கள் என்பதை அறியத்தான் நாம் கதை படிக்கிறோம். லெய்ட்டனின் புத்தகத்தில் கதை நின்றுவிட்ட இடத்திலிருந்து மேலே படிக்க விரும்புகிறவன் ட்ஸுச்சியாமாவின் டைப் அடித்த தாள்களுக்குத்தான் போக வேண்டும். அவை இன்றும் பெர்க்கிலியில் இருக்கின்றன.