மூன்று படம் இல்லாத தாத்தா

2021 ஜூன் 1-ஆம் தேதியோடு கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் முடிந்துபோனது. மெயில், டிரைவ், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அதைத் தாண்டினால் சந்தா. இன்று எந்த வீட்டிலும் குடும்பப் படங்கள் ஓரிடத்தில் இல்லை. கல்யாணப் படம் சென்னையில் இருக்கும் மகன் கணக்கில், காதுகுத்துப் படம் மருமகள் போனில், ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பீரோவுக்குள் பாச்சை உருண்டையோடு.

வீட்டிலேயே சிறு சர்வர் ஒன்றை வைத்து எல்லாவற்றையும் அதில் சேர்க்கும் யோசனை பழையது. பிவிகோ என்று இன்று அறியப்படும் மென்பொருள் 2002 முதலே இருக்கிறது. ஆனால் அந்தக் கால மென்பொருள்கள் நாம் அடுக்கி வைத்ததை அடுக்கிய வரிசையில் காட்டும், அவ்வளவுதான். 2022-இல் அலெக்ஸ் டிரான் தொடங்கிய இம்மிச் வேறு வகை. போனில் ஆப் போட்டால் படங்கள் தாமாக வீட்டு சர்வருக்குப் போய்ச் சேர்கின்றன. முகம் பார்த்துப் பிரிக்கிறது, சொல் கொடுத்தால் தேடுகிறது. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. 'உங்கள் படங்களுக்கு இதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள்' என்ற எச்சரிக்கையை அவர்களே நெடுநாள் முன்பக்கத்தில் வைத்திருந்தார்கள். 2025 அக்டோபரில் 2.0 பதிப்பு வந்தபோதுதான் நிலையான பதிப்பு என்று அறிவித்தார்கள். அந்தப் பதிப்பை, வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியத்தில், கைத்தறி ஓடும் என் பெரியம்மா வீட்டில் நிறுவி ஓடவிட்டுப் பார்த்தேன்.

பெட்டி ராஸ்பெர்ரி பை 5, 8 ஜிபி நினைவகம். கூடவே எம்.2 ஹேட் என்ற துணைப்பலகை, அதில் 1 டிபி எஸ்எஸ்டி. இம்மிச்சுக்குக் குறைந்தது 6 ஜிபி நினைவகம் வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஆகவே 4 ஜிபி பலகையை இதற்காக வாங்க வேண்டாம். 2023-இல் வந்தபோது 8 ஜிபி பலகை 80 டாலர். நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதால் 2025 டிசம்பரில் அது 95 டாலர் ஆனது. இங்கே கடைக்குக் கடை விலை மாறும். பவர் சப்ளை, குளிர்விப்பான், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்தால் பலகையின் விலையைவிட மற்றவற்றின் விலைதான் கூடுதல்.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். போன் சார்ஜரே போதும் என்று கடையில் சொல்வார்கள். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். பெரும்பாலான போன் சார்ஜர்கள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தருகின்றன. அதைச் செருகினாலும் பலகை ஓடும். ஆனால் எல்லா யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. சரியான சப்ளை இருந்தால் அதே அளவு 1.6 ஆம்பியர். காப்புப் பிரதி எடுக்க ஹார்ட் டிஸ்க்கைச் செருகும் நாளில்தான் இந்த வித்தியாசம் தெரியும்: பாதிப் படம் நகலாகும்போது டிஸ்க் காணாமல் போய்விடும்.

மெமரி கார்டில் இருந்து இயக்குவதையும் விட்டுவிடலாம். இம்மிச் ஓயாமல் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். மலையடிவாரத்து ஊர், ஐப்பசி மாதம், இடி ஒன்று இடித்தால் கரண்ட் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கார்டு கெடும். எஸ்எஸ்டியும் இன்வெர்ட்டரும் சேர்ந்தால் இந்தக் கவலை பெருமளவு தீரும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், இன்வெர்ட்டர் பேட்டரி இறங்குவதற்குள், பலகையின் ஓரத்தில் இருக்கும் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி முறையாக நிறுத்திவிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பச்சை விளக்கு சிவப்பானால் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

மின்கட்டணம் பற்றி வீட்டில் முதலில் கேட்டார்கள். சும்மா இருக்கும்போது எஸ்எஸ்டியோடு சேர்த்துச் சுமார் 5 வாட். இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாத ரீடிங்கில் ஏழு யூனிட் அளவில்தான் வரும். கைத்தறி நெசவாளர்களுக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்பதால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

அதைவிடப் பெரிய எதிரி பஞ்சு. தறி இருக்கும் வீட்டில் நூல் தூசி எங்கும் படியும். பை 5-இன் குளிர்விப்பான் விசிறி 50 டிகிரியில் சுழலத் தொடங்கி, சூடு ஏற ஏற வேகம் கூடும். சுழலும்போது பஞ்சையும் இழுத்துத் தகடுகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். 80 டிகிரியைத் தாண்டினால் பலகை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தறி இருக்கும் கூடத்தில் வைக்காமல் உள்ளறையில், உயரமான அலமாரியில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு சிறு தூரிகையும் அங்கேயே இருக்கிறது.

இனிப் படங்களுக்கு வருவோம். கூகுளில் இருந்ததை அதன் டேக்அவுட் வசதி மூலம் இறக்கி, இம்மிச்-கோ என்ற சிறு கருவியால் ஏற்றினால் தேதியும் இடமும் ஒழுங்காக வந்துவிடுகின்றன. வாட்ஸ்அப் படங்கள் அப்படி வருவதில்லை. படத்துக்குள் இருக்கும் எடுத்த தேதியை வாட்ஸ்அப் நீக்கிவிடும். ஆகவே எப்போதோ எடுத்த பூப்பு நீராட்டு விழாப் படம், சித்தப்பா அதை அனுப்பிய நாளின் கீழ் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஸ்கேன் செய்த படங்களுக்கும் இதே கதி. இம்மிச்சில் பல படங்களை ஒன்றாகத் தேர்ந்து தேதியை மாற்றலாம். இந்த வேலைக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். 'இது நம்ம பழைய வீடு இடிக்கிறதுக்கு முந்தி' என்று சொல்ல அவரால்தான் முடியும்.

முகம் பிரிக்கும் வேலைதான் இந்தப் பெட்டியின் உயிர். படங்களை எல்லாம் ஏற்றிவிட்டு ராத்திரி விட்டுவிட்டால், பை முகங்களைத் தேடித் தேடிக் கூட்டமாக்கும். மெதுவாகத்தான் செய்கிறது. ஆனால் எந்த முகமும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, எல்லாக் கணக்கும் அந்த அலமாரியிலேயே நடக்கிறது. காலையில் 'மக்கள்' பக்கத்தைத் திறந்தால் பேரன் பேத்திகள் வரிசையாக நின்றார்கள். குழந்தையாக இருந்தபோதும் கல்லூரியில் படிக்கும்போதும் ஒரே ஆள் என்று சில முகங்களை அதுவே கண்டுகொண்டிருந்தது. சிலரை இரண்டாகப் பிரித்திருந்தது, நாம் சேர்த்துவைக்கலாம்.

தாத்தா மட்டும் இல்லை. பெரியம்மா போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏய்யா, அப்பாவ எங்க?"

"ஸ்கேன் பண்ணி ஏத்திட்டேனே பெரியம்மா."

"ஏத்துன சரி. இந்த வரிசையில காங்கலையே."

காரணம் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு முகம் குறைந்தது மூன்று இடத்தில் தென்பட்டால்தான் அதை ஓர் ஆளாகக் கணக்கில் கொள்ளும்படி இம்மிச் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கும் போன் காலத்துக்குப் பொருத்தமான ஏற்பாடுதான். கடைத்தெருவில் குறுக்கே போனவர், கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் எல்லாம் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். ஆனால் தாத்தா வாழ்நாளில் கேமரா முன் நின்றதே இரண்டு தடவை. "கல்யாணத்துக்கு ஒண்ணு, கூட்டுறவுச் சங்கத்துக்காக ஒண்ணு. அவ்வளவுதான்யா புடிச்சாக," என்றார் பெரியம்மா. நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலோர் கதை இதுதான். பெண்களுக்கு இன்னும் குறைவு. பல பாட்டிகளுக்கு ஒரே ஒரு படம், அதுவும் கூட்டத்தில் பாதி மறைந்து.

அந்த எண்ணை நிர்வாகி அமைப்பில் 1 என்று மாற்றி, முகம் பிரிக்கும் வேலையை மறுபடி ஓடவிட்டேன். தாத்தா வந்தார். முன்பு ஒதுக்கப்பட்ட அந்நியர்களும் ஒரு பட்டாளமாக வந்தார்கள்; அவர்களை ஒவ்வொருவராக மறைக்க வேண்டியிருந்தது. அலுப்பான வேலை, ஆனால் செய்யத் தகுந்தது. பழைய படங்கள் அதிகம் உள்ள குடும்பங்கள் நிறுவிய உடனேயே இந்த எண்ணை மாற்றிவிடட்டும். பக்கவாட்டில் திரும்பிய முகம், தலைப்பு மறைத்த முகம் போன்றவற்றை அது தவறவிட்டால் கையால் கட்டமிட்டுப் பெயர் கொடுக்கவும் இப்போது வழி இருக்கிறது.

தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப்பிடித்து மின்படியாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு செய்தார்கள். பெரிய காரியம். ஆனால் எந்த ஆவணக் காப்பகமும் ஒவ்வொரு வீட்டு பீரோவுக்கும் வர முடியாது. படத்தில் நிற்பவர் இன்னார் என்று சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே அந்தப் பெயரைப் படத்தோடு சேர்த்துவிட வேண்டும். இந்த மென்பொருளை நான் மதிப்பது அதற்காகத்தான்.

தேடலில் தமிழ் வேண்டுமென்றால் ஒரு வேலை பாக்கி. இம்மிச்சோடு வரும் தேடல் மாதிரி (மாடல்) ஆங்கிலம் மட்டும் அறிந்தது. 'தேர்' என்று தமிழில் கொடுத்தால் சம்பந்தமில்லாத படங்களை அள்ளிப் போடும். அமைப்பில் அதை மாற்றி, என்எல்எல்பி-கிளிப் வகையில் சிறிய மாதிரியைக் கொடுத்து, எல்லாப் படங்களையும் மறுபடி அலசவிட வேண்டும். பயனர் கணக்கின் மொழியையும் தமிழாக வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கேள்வி எந்த மொழி என்று அந்த மாதிரி புரிந்துகொள்கிறது. பிறகு 'தேர்' என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்ப் படங்கள் முன்னால் வந்தன, நடுநடுவே கோபுரமும். 'வெள்ளை நாய்' என்றதும் ராஜபாளையம் மாமா வீட்டு நாய் வந்துவிட்டது. 'தறி'க்கு மட்டும் கட்டிலும் ஏணியும் கலந்து வந்தன. 'நெசவு' என்று கொடுத்தபோது கொஞ்சம் தேறியது.

வெளியூரில் இருந்து பார்ப்பது அடுத்த கேள்வி. இன்று வீட்டு இணைப்புகள் பலவற்றில் நமக்கென்று தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. அதனால் ரவுட்டரில் கதவு திறந்துவைத்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. திறக்கவும் வேண்டாம் என்பேன். டெயில்ஸ்கேல் என்ற ஆப்பைப் பெட்டியிலும் ஒவ்வொரு போனிலும் போட்டால் எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல் இணைந்துவிடும். சென்னையிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு இது சரியாக வேலை செய்கிறது. இதே வேலைக்கு கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சுரங்க வழியையும் (டனல்) பார்த்தேன். இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 100 எம்பியைத் தாண்டினால் ஏற்றாது, கல்யாண வீடியோக்கள் எல்லாம் தடுக்கி நின்றன.

வீடியோவில் பை 5 பொதுவாகவே பலவீனம். எச்.264 வீடியோவை மாற்றித் தரும் வன்பொருள் பழைய பலகைகளில் இருந்தது, இதில் எடுத்துவிட்டார்கள். நீண்ட வீடியோக்களை எல்லாப் போனிலும் ஓடும்படி மாற்றுவதற்குள் விசிறி முழு வேகத்தில் கத்தும். வீடியோ அதிகம் வைத்திருப்பவர்கள் இன்டெல் என்100 சில்லு உள்ள மினி பிசியைப் பார்க்கலாம். கொஞ்சம் கூடுதல் மின்சாரம் இழுக்கும், ஆனால் இந்த வேலையைச் சுலபமாக முடிக்கும். ஏற்கெனவே பை 5 கையில் இருப்பவர்கள், படங்களே அதிகம் என்பவர்கள், அதிலேயே தொடரலாம்.

காப்புப் பிரதி பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டும். ஒரே எஸ்எஸ்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு கூகுளில் அழிப்பது, படங்களை இழக்க மிகச் சுருக்கமான வழி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. தூத்துக்குடி, நெல்லை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தால் ஆல்பமும் சர்வரும் ஒன்றாகத்தான் மூழ்கும். இம்மிச் தன் தரவுத்தளத்தை மட்டும் தினமும் தானே நகலெடுத்து அதே டிஸ்க்கில் வைக்கிறது, படங்களை நகலெடுப்பது நம் பொறுப்பு. சுந்தரபாண்டியத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் வைத்தோம். ஒன்று வீட்டில், இன்னொன்று ராஜபாளையத்தில் மாமா வீட்டு பீரோவில். யாராவது அங்கே போகும்போது இதைக் கொடுத்து அதை வாங்கி வருகிறார்கள். இந்த இரண்டாவது, மூன்றாவது டிஸ்க்குக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் கூகுள் சந்தாவையே கட்டட்டும், அது குறைவான ஆபத்து. புதுப் பதிப்பு வரும்போது குறிப்பைப் படித்துவிட்டு ஏற்ற ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அந்தப் பொறுப்பைப் பெரியம்மாவின் பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிக்குப் போகிறவள், இம்மிச்சை இயக்கும் டாக்கர் மென்பொருளின் கட்டளைகளை ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைத்திருக்கிறாள். பீரோவில் இன்னும் ஒரு பை நிறையப் படங்கள் ஸ்கேன் ஆகாமல் இருக்கின்றன, அடுத்து அவற்றை எடுக்கப்போகிறார்கள்.